வாலில் இருந்த வரி

செய்தியை வாலிலிருந்துதான் வெட்ட வேண்டும். பத்திரிகை ஆபீசில் சேர்ந்த முதல் வாரமே எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது. முக்கியமான சங்கதி தலையில் இருக்கும். அதற்கடுத்தது கழுத்தில். போகப் போக உப்புச் சப்பில்லாத விவரங்கள் வாலில் தொங்கும். இடம் போதவில்லையா, கண்ணை மூடிக்கொண்டு வாலை நறுக்கு. உயிருக்கு ஒன்றும் ஆகாது.

இந்த வித்தையில் அவளை மிஞ்ச அந்த ஆபீசில் ஆள் இல்லை. முழுப் பக்கச் செய்தியைக் கொடுத்தால் உள்ளங்கை அகலத்துக்கு இறக்கிவிடுவாள். அதனால் 'கத்தரி' என்று பெயர் விழுந்துவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. வெயில் காலம் வந்துவிட்டால் செய்தி ஆசிரியருக்கு ஒரே கொண்டாட்டம். "வெளிய போனா கத்திரி வெயில், உள்ள வந்தா கத்தரியம்மா. மனுஷன் எங்கதான் போவான்?" என்று வருஷா வருஷம் அதே கேலியைப் புதிது போலச் சொல்வார். அவளும் வருஷா வருஷம் சிரித்து வைப்பாள்.

அன்று சாயங்காலம் முதல் பக்கம் அநேகமாக முடிந்துவிட்டது. கீழ்ப் பாதியில் ஒரு ஆய்வுச் செய்தி. செய்தி நிறுவனம் தமிழிலேயே அனுப்பியதைப் பக்கத்தில் வைத்து, 'வெப்ப உயர்வின் வேகம் சற்றுக் குறையலாம்: புதிய ஆய்வு' என்று இரண்டு வரியில் தலைப்பும் வைத்திருந்தாள். அந்த நேரம் பார்த்துச் செய்தி ஆசிரியர் மேஜையருகே வந்து தலையைச் சொறிந்தார். அவர் தலையைச் சொறிந்தால் விளம்பரம் வந்திருக்கிறது என்று அர்த்தம்.

"கத்தரி, கீழ்ப் பாதியில பாதி போச்சு. ஏசி விக்கிறவன் வந்துட்டான்."

"இப்பவா சார்?"

"வெயில் காலத்துல ஏசி விக்காம கம்பளியா விப்பான்? அந்த ஆய்வைச் சுருக்கு. தலைப்பு ஒரே வரி."

"ஒரே வரியில இது உக்காராது சார்."

"நீ சொன்னா யானைகூட முக்காலியில உக்காரும். உக்கார வைம்மா."

அவள் கணினித் திரையில் தலைப்பைப் பெட்டிக்குள் இழுத்துப் பார்த்தாள். 'புதிய ஆய்வு' முதலில் போனது. 'சற்று' போனது. 'குறையலாம்' என்பதில் தொங்கிய 'லாம்' போய் 'குறைகிறது' ஆனது. அப்போதும் ஒரு வார்த்தை வெளியே பிதுங்கியது. 'உயர்வின்' என்பதை எடுத்தாள். 'வெப்ப வேகம் குறைகிறது' என்று வந்தது. அது தமிழாகவே இல்லை. 'வேகம்' என்பதையும் எடுத்தாள்.

'வெப்பம் குறைகிறது.'

பெட்டிக்குள் அளந்து தைத்த சட்டை போலக் கச்சிதமாக உட்கார்ந்தது. அவளுக்கே ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்தது. உடனே ஏதோ உறுத்தவும் செய்தது.

"சார், குறையறது வெப்பமா, வேகமா?"

"ரெண்டும் ஒரே குடும்பம்தானேம்மா. விவரம்தான் உள்ள இருக்குல்ல? தினமும் வெள்ளம், வறட்சி, பனி உருகுதுன்னு போட்டுப் போட்டு ஜனங்களுக்குக் காலையிலயே வயித்தைக் கலக்குது. ஒரு நாளாவது நிம்மதியாப் படிக்கட்டும்."

அவர் கெட்டவர் இல்லை. ஜனங்கள் நிம்மதியாக இருக்க வேண்டும் என்று நிஜமாகவே நினைத்தார். அவளும் உள்ளே விவரம் இருக்கிறது என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டு, செய்தியின் வாலைப் பிடித்தாள். கடைசி இரண்டு பத்திகளை நறுக்கினாள். அவற்றை அவள் படிக்கவில்லை. வாலைப் படித்துவிட்டு வெட்டுகிற வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை.

* * *

கணவன் இறந்த பிறகு அவள் தம்பி வீட்டு மாடியறையில் இருந்தாள். தம்பிக்குச் சரக்கு முற்றத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் இரும்புப் பெட்டிகள் அங்கே வந்து வரிசையாக நிற்கும். பெட்டியைத் திறந்து, உள்ளே அடுக்கியிருக்கும் மூட்டைகளை எடுத்து லாரியில் ஏற்ற வேண்டும். மூட்டைக்கு இரண்டு பேர், ஆளுக்கு ஒரு முனை. வேலைக்குச் சேரும்போது யார் ஜோடியோ கடைசிவரை அவர்தான் ஜோடி. தம்பியின் ஜோடி தம்பியைவிட மூத்தவர், வாய் ஓயாதவர். அதனால் முற்றத்தில் அவருக்கு 'ரேடியோ' என்று பெயர். மூட்டை கையில் இருக்கும்போதும் பேசுவாராம். "அண்ணே, மூச்சு விடுங்க" என்று தம்பி சொன்னால், "விளம்பர இடைவேளையில விட்டுக்கறேன்டா" என்பாராம்.

வெயிலில் அந்த இரும்புப் பெட்டிக்குள் நுழைவது அடுப்புக்குள் நுழைவது மாதிரி. போன வருஷம் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு மருத்துவர் வந்து பார்த்துவிட்டு, உச்சி நேரத்தில் ஓய்வு தர வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். அதை வைத்துக்கொண்டு தொழிலாளர்கள் பலமுறை கேட்டு, கடைசியில் இந்த வெயில் காலத்துக்கு ஒரு சலுகை கிடைத்தது. சூரியன் உச்சிக்கு வந்ததும் சங்கு ஊதும், வேலை நிற்கும். நிழல் சாய்ந்த பிறகு மறுபடி சங்கு. இதற்கு உச்சி ஓய்வு என்று பெயர். நிர்வாகத்துக்கு அது தொண்டையில் சிக்கிய முள்ளாகவே இருந்தது.

பத்திரிகை வந்த அன்று சாயங்காலம் தம்பி சிரித்துக்கொண்டே வாசல் ஏறினான்.

"அக்கா, நீ பெரிய ஆளாயிட்ட. உன் கைவண்ணம் எங்க கேட்டுல தொங்குது."

"என்னடா உளர்றே?"

"வெப்பம் குறைகிறது! கொட்டை எழுத்துல. மேஸ்திரி வெட்டி ஒட்டியிருக்காரு. அதுக்குக் கீழ ஆபீஸ் முத்திரையோட ஒரு தாள். வெப்பம் குறைஞ்சுட்டதா ஆய்வே சொல்றதால நாளைலேர்ந்து உச்சி ஓய்வு கிடையாது. வெப்பத்துக்குச் சங்கு ஊதுறேன்னு நெனச்சு எங்க ஓய்வுக்கு ஊதிட்டியே!"

சமையலறையிலிருந்து தம்பி மனைவி எட்டிப் பார்த்தாள். "அவங்க தலைப்புதான்னு அங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"எனக்கென்ன பைத்தியமா? ரேடியோ அண்ணன்தான் நாள் பூரா கத்திக்கிட்டிருந்தாரு. 'டேய், பேப்பர்ல போட்டுட்டாங்கடா, சூரியனுக்குத்தான் இன்னும் பேப்பர் போய்ச் சேரலை'ன்னு."

தம்பி மனைவி சிரித்துவிட்டாள். கத்தரிக்குச் சிரிப்பு வரவில்லை. சாப்பாட்டில் கை வைத்தவள் பிசைந்துகொண்டே இருந்தாள்.

* * *

மறுநாள் காலை வழக்கத்துக்கு முன்பே ஆபீஸ் போய், செய்தியின் பழைய வடிவத்தைத் தேடி எடுத்து, வெட்டிய வாலை முதல்முறையாகப் படித்தாள். படித்துவிட்டு ஆய்வு செய்த அம்மாளின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தாள். திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. நிறைய நேரம் அழுது முடித்தவர்களின் குரல் போல அது தணிந்திருந்தது.

"பாத்தேம்மா உங்க பத்திரிகையை. ஒரு மலைப்பாதையில வண்டி ஏறிட்டிருக்குன்னு வெச்சுக்குங்க. போன தடவை கணக்குப் போட்டப்ப வேகமா ஏறும்னு நெனச்சோம். இப்ப பாத்தா, இந்தப் பக்கத்துல அடுத்த கொஞ்ச வருஷத்துக்கு அதைவிடக் கொஞ்சம் மெதுவா ஏறலாம்னு தெரியுது. ஏறுறது ஏறுறதுதான். நீங்க வண்டி இறங்குதுன்னு எழுதிட்டீங்க."

"கடைசிப் பத்தி..."

"அதுதாம்மா ஆய்வே. காத்துல ஈரம் கூடிட்டே போகுது. உச்சி நேரத்துல வெளியில வேலை செய்யிறவங்க உடம்புக்கு வேர்த்து ஆற முடியாது. அவங்களுக்கு ஆபத்து நாங்க முன்னாடி நெனச்சதைவிட அதிகம், அந்த நேரத்துல வேலையை நிறுத்தணும்னு எழுதியிருக்கோம். பாதி அறிக்கை அதைப் பத்தித்தான்."

"அப்ப அது ஏன் வாலுக்குப் போச்சு?"

"எங்க பல்கலைக்கழகத்துலேர்ந்து பத்திரிகைகளுக்கு ஒரு குறிப்பு அனுப்பினாங்க. எல்லாமே பயமுறுத்துற மாதிரி இருந்தா யாரும் போட மாட்டாங்க, ஆறுதலா ஒண்ணை முன்னால வைப்போம்னு சொன்னாங்க. நானும் சரின்னேன். எங்க கத்தரி முதல்ல விழுந்துச்சு. உங்களுது கடைசி."

தன் பெயர் அவருக்குத் தெரிய நியாயமில்லை. இருந்தும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

அந்த அம்மாள் ஆய்வு முழுவதையும் அனுப்பிவைத்தார். கத்தரி அதையும், பல்கலைக்கழகக் குறிப்பையும், செய்தி நிறுவனத்தின் செய்தியையும், தன்னுடையதையும் மேஜையில் பரப்பினாள். யாரும் வேண்டுமென்று பொய் எழுதியிருக்கவில்லை. ஆய்வில் 'சில சூழ்நிலைகளில் சற்று மெதுவாக உயரக்கூடும்' என்றிருந்தது. குறிப்பில் 'சில சூழ்நிலைகளில்' இல்லை. செய்தி நிறுவனம் தலையை இன்னும் பெரிதாக்கி வாலை இரண்டு பத்தியாக இறக்கியிருந்தது. மிச்சத்தை அவள் முடித்து வைத்தாள். ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஒரு கைப்பிடி எடுத்திருக்கிறார்கள். கடைசியில் பானையில் ஒன்றுமில்லை.

செய்தி ஆசிரியர் கேட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுல எது பொய்னு சொல்லு, இப்பவே திருத்தம் போடறேன்."

"வேணும்னு யாரும் பொய் எழுதலை சார், தலைப்பு தப்பாப் போச்சு. அதை நம்பி ஒரு இடத்துல ஆளுங்களை உச்சி வெயில்ல எறக்குறாங்க."

"அது அவங்க தப்பு."

"தலைப்பு நம்மளது."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் எதிர்த்துப் பேசி அவர் கேட்டதில்லை. "சரி. உள்பக்கத்துல ரெண்டு வரி. நாளைக்கு வரும். அதுவரை வெளிய மூச்சு விடாதே. நம்ம பேப்பர் தப்புன்னு நம்ம ஆளே ஊர் பூரா சொல்லிட்டுத் திரிஞ்சா மேலிடம் சும்மா விடாது."

* * *

அன்று சாயங்காலம் தம்பி முகம் கறுத்து, உதடு வெடித்து வந்தான். கேலி பேச அவனிடம் தெம்பில்லை. குளித்துவிட்டு ஈரத் தலையோடு மாடிப்படியில் உட்கார்ந்தான். அவள் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

"நாளைக்கு நீ போகாதே. காய்ச்சல்னு சொல்லிடு. நாளைக்குக் காலையில திருத்தம் வந்துடும். மேஸ்திரி கண்ணுல பட்டுட்டா ஓய்வைத் திருப்பிக் குடுத்துத்தான் ஆகணும். ஒரே ஒரு நாள்."

"அப்ப ரேடியோ அண்ணன்கிட்ட சொல்லிடறேன்."

"வேண்டாம்டா."

"ஏன்?"

"அவர் பேரே ரேடியோ. அவர்கிட்ட சொன்னா முற்றம் பூரா ஒலிபரப்பாயிடும். யாரு சொன்னான்னு கேப்பாங்க. எனக்கு வேலை போயிடும். நாளைக்குப் பேப்பர்லதான் வரப்போகுதே, எல்லாரும் படிச்சுக்குவாங்க."

"நான் போகலைன்னா அவருக்கு ஜோடி இல்லைக்கா. தனியாத் தூக்கணும், இல்லை புதுசா ஒருத்தனைக் கோத்துவிடுவாங்க."

"ஒரே நாள்தானேடா."

அக்கா முகத்தைப் பார்த்தான். அவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டணம் கட்டியவள், அம்மாவுக்குப் பிறகு அம்மாவாக இருந்தவள். அவள் இப்படிக் கெஞ்சி அவன் பார்த்ததில்லை. தலையை ஆட்டினான்.

அன்று படுக்கப் போகும் முன் அவள் வழக்கம்போலக் கடவுளைக் கும்பிட்டாள். தம்பியைக் காப்பாற்று என்று வேண்டிக்கொண்டாள். இன்னொருவர் பெயர் அவள் நாக்கு நுனிவரை வந்திருக்க வேண்டும், வரவில்லை. நாம் எல்லோரும் அப்படித்தான் கும்பிடுகிறோம். நம் வீட்டுக் கூரை மேல் மட்டும் மழை வேண்டும், நம் வீட்டை மட்டும் விட்டு வெள்ளம் போக வேண்டும். கேட்கிறவருக்குத்தான் தெரியும், இதை எப்படிப் பொறுத்துக்கொள்கிறாரென்று.

* * *

காலையில் பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை புரட்டினாள். பிறகு கடைசியிலிருந்து முதல்வரை. திருத்தம் இல்லை. அது வர வேண்டிய மூலையில் பல் மருத்துவமனை விளம்பரம் ஒன்று இளித்துக்கொண்டிருந்தது.

தம்பி படியில் நின்று கேட்டான். "வந்துடுச்சா?"

"இடம் இல்லாம விட்டிருப்பாங்க. நான் போய்க் கேக்கறேன். நீ வீட்டுலயே இரு."

வீட்டிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் சரக்கு முற்றம், வலப்பக்கம் ஆபீஸ். அவள் வலப்பக்கம் திரும்பினாள். ரொம்ப நாளைக்கு அப்புறமும் அந்த முக்கில் வரும்போதெல்லாம் அவள் கால் தயங்கும்.

"விளம்பரம் கடைசி நிமிஷத்துல வந்துச்சும்மா," என்றார் செய்தி ஆசிரியர். "நாளைக்குப் போட்டுக்கலாம். திருத்தம்தானே, எங்க ஓடிடப் போகுது?"

மேஜைக்குப் போய்க் கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு எழுத்தும் தட்டாமல் உட்கார்ந்திருந்தாள். வெயில் சன்னல் திரையைத் தாண்டி மேஜை விளிம்புக்கு வந்து, விசைப்பலகைக்கு வந்தது. தொலைபேசி அடித்தது. தம்பி.

"அக்கா, ரேடியோ அண்ணன் விழுந்துட்டாரு. பொட்டிக்குள்ளயே. பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்காங்க."

அவள் போய்ச் சேர்ந்தபோது அவசரப் பிரிவு வாசலில் தம்பி சுவரைப் பார்த்து நின்றிருந்தான். முற்றத்து ஆட்கள் இரண்டு பேர் அவனிடம் நடந்ததைச் சொல்லி முடித்திருந்தார்கள். ஜோடி வராததால் ரேடியோவுக்குப் புது ஆளைக் கோத்துவிட்டிருக்கிறார்கள். அந்த ஆள் உச்சி நேரத்தில் தள்ளாடியிருக்கிறான். 'நீ வெளிய போய் நில்லு தம்பி, உன் பங்கையும் நானே பாத்துக்கறேன்' என்று ரேடியோ சொன்னாராம். பெட்டிக்குள்ளே பேச்சுச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். திடீரென்று கேட்கவில்லையாம். அவர் வாய் ஓய்ந்த பிறகுதான் எல்லோரும் ஓடியிருக்கிறார்கள். வேர்வையே இல்லாமல் உடம்பு தணலாய்க் கொதித்ததாம்.

"தம்பி..." என்று அவன் தோளில் கை வைத்தாள்.

அவன் கையைத் தட்டிவிடவில்லை. அது அங்கே இருப்பதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

"எனக்குச் சொன்னே," என்றான் சுவரிடம். "அவருக்குச் சொல்லலை. என்னையும் சொல்ல விடலை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரும் வீட்டுல இருந்திருப்பாரு. காலையில அவர் போன் பண்ணினாருக்கா. 'காய்ச்சல்னு சொன்னாங்க, நல்லா மூடிப் படுத்துக்கோடா'ன்னு சொன்னாரு. நான் இருமிக் காட்டினேன்."

அதற்குப் பிறகு அவன் அவளிடம் பேசவில்லை.

* * *

உள்ளே தாழ்வாரத்து பெஞ்சில் ரேடியோவின் மனைவி உட்கார்ந்திருந்தாள். கட்டை குட்டையான பெண்மணி. வேலை செய்கிற இடத்திலிருந்து அப்படியே ஓடிவந்திருக்கிறாள், இடுப்பில் சொருகிய துணியை இன்னும் எடுக்கவில்லை. அவளுக்கு இவளை அடையாளம் தெரியவில்லை. வெயிலில் நடந்து வந்து, சுவரைப் பிடித்தபடி நிற்கிற ஒருத்தியாகத்தான் தெரிந்தது.

"முகமெல்லாம் செவந்துபோய்க் கெடக்கே. உங்களுக்கு உள்ள யாரு?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். "குடிங்க. நமக்கு ஏதாவது ஆச்சுன்னா அவங்களை யாரு பாக்குறது?"

அந்தத் தண்ணீரைக் கத்தரி வாங்கினாள். குடிக்க முடியவில்லை. மற்ற எதையும் அவள் தாங்கியிருப்பாள். பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். தலைப்பைச் சொன்னாள், வெட்டியதைச் சொன்னாள். தம்பியை மட்டும் வீட்டில் நிறுத்தியதையும் சொன்னாள்.

ரேடியோவின் மனைவி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கத்துவாள், அடிப்பாள் என்று பக்கத்தில் நின்ற முற்றத்து ஆட்கள் ஒரு அடி முன்னால் வந்தார்கள்.

"அந்த வெட்டிப்போட்ட வரியில என்னதான் இருந்துச்சு?"

ஆய்வின் தாள்கள் பையில் இருந்தன. கத்தரி எடுத்துப் படித்தாள். உச்சி நேரம், காற்றின் ஈரம், ஆற முடியாத உடம்பு, வேலையை நிறுத்த வேண்டும் என்பது. தமிழில் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு வார்த்தையையும் சுருக்கவில்லை.

"இது என் வீட்டுக்காரருக்கு எழுதினது," என்றாள் அந்தப் பெண் மெதுவாக. "யாரோ ஒரு அம்மா அவருக்காக உக்காந்து எழுதியிருக்காங்க. அவர் கைக்கு வந்து சேரலை."

"ஆமாங்க."

"என்கிட்ட படிச்சு என்ன ஆவப்போகுது? இன்னும் அங்க இருக்காங்களே, அவங்களுக்குப் படிங்க." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இப்பப் போயிடுங்க. உங்க முகத்தைப் பாக்க எனக்குத் தெம்பில்லை. தண்ணியைக் குடிச்சுட்டுப் போங்க."

குடித்தாள். பொழுது சாய்வதற்குள் ரேடியோ போய்விட்டார்.

* * *

அடுத்த நாள் திருத்தம் வந்தது, உள்பக்கத்தில், மூலையில். செய்தி ஆசிரியர் அதைத் தானே எழுதியிருந்தார். இரண்டு வரிக்குப் பதில் ஐந்து வரி எழுதியிருந்தார். அவரால் முடிந்தது அது. இன்னொரு பக்கத்தில் ரேடியோவின் சாவும் இருந்தது. 'வேலையின்போது மயங்கிய தொழிலாளி மரணம். அவருக்கு ஏற்கெனவே உடல்நலக் குறைவு இருந்ததாக நிர்வாகம் கூறியது.' உச்சி ஓய்வை எடுத்துவிட்டதைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

கேட்டில் ஒட்டிய தாள் அப்படியேதான் இருந்தது. ஒரு நாள் துக்கத்துக்கு விடுமுறை விட்டார்கள். மறுநாள் வழக்கம்போல வேலை.

கத்தரி ஆபீசுக்கு விடுப்பு எழுதிக்கூடக் கொடுக்காமல், முக்கில் இடப்பக்கம் திரும்பிப் போனாள். சாப்பாட்டு நேரம். கேட்டுக்கு உள்பக்கம் லாரிகளின் நிழலில் ஆட்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். தம்பியும் இருந்தான். அவன் பக்கத்தில் ஓராள் உட்காரும் இடம் வெறுமனே கிடந்தது. அங்கே யாரும் உட்காரவில்லை.

வாசலில் மேஸ்திரி மறித்தார். "யாரும்மா? இங்கெல்லாம் வரக்கூடாது."

கத்தரி கேட்டில் தொங்கிய அறிவிப்புப் பலகையைக் காட்டினாள். "இந்தத் தலைப்பை வெச்சது நான்தான். இதுல கடைசிப் பாகத்தை நான் வெட்டிட்டேன். அதைப் படிச்சுக் காட்ட வந்திருக்கேன்."

"பேப்பர்ல வந்தது வந்ததுதான்."

"பேப்பர்ல வராததுதாங்க இது."

மேஸ்திரி முற்றத்து ஆபீஸ் சன்னலைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பலகையில் தாளை ஒட்டிய கை அவருடையது. இரும்புப் பெட்டிக்குள்ளிருந்து ரேடியோவைக் கால்மாடு பிடித்துத் தூக்கி வந்ததும் அவர்தான். ஒதுங்கினார். "சட்டுனு படிச்சுட்டுப் போங்க."

அவள் வெயிலில் நின்று படித்தாள். முதலில் குரல் லாரிகள்வரை எட்டவில்லை. பின்வரிசையில் யாரோ, "சத்தமா, தாயே! எங்க ரேடியோவுக்கு இருந்த தொண்டை உங்களுக்கு இல்லையே," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை. அவள் மறுபடியும் சத்தமாகப் படித்தாள். வேர்த்து ஆறாத உடம்பு என்ற இடத்தில் ஒருவன் தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். பாதியில், சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று சங்கு ஊதியது. அதன் ஓலம் அடங்கும்வரை வாயை மூடி நின்றாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பெட்டிகளை நோக்கிப் போனார்கள். அவர்களுக்கும் வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். தம்பி எழுந்திருக்கவில்லை. அவனுக்கு எதிரே இருந்த கிழட்டு ஆள் எழுந்து, யோசித்து, மறுபடி குந்தினான். இன்னும் ஏழெட்டுப் பேர் அப்படியே இருந்தார்கள். ஆபீஸ் சன்னல் திறந்தது. மேஸ்திரி அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

"கொஞ்ச நேரம்தான்," என்றார் தரையைப் பார்த்தபடி. "அதுக்கு மேல என்னால ஆகாது."

அவள் படித்து முடித்தாள். தாள்களை மடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். தலை சுற்றியது, கண்ணெதிரே இரும்புப் பெட்டிகள் நெளிந்தன. ஆபீஸ் கதவு திறந்து யாரோ இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. உட்கார்ந்திருந்தவர்களின் முகங்கள் அந்தப் பக்கம் திரும்பின.

தம்பி மட்டும் அவளைப் பார்த்தான். ஆஸ்பத்திரியில் முகத்தைத் திருப்பியவன் இப்போதுதான் பார்க்கிறான்.

"வெயில்ல நிக்காதே," என்றான். "உள்ள வா."

அவள் லாரியின் நிழலுக்குள் போனாள். வெறுமனே கிடந்த அந்த இடத்தில் உட்காரவில்லை. அதற்கு இந்தப் பக்கம், மண்ணில் உட்கார்ந்தாள்.